பனியில விழுந்ததும் ராஜா ஆனதும்

மான்ட்ரியலுக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலம். ஆபீஸ் விட்டா ரூம், ரூம் விட்டா ஆபீஸ். ராத்திரியில ஊருக்குத் திரும்ப டிக்கெட் விலை பார்த்துக்கிட்டே இருப்பேன். ஜனவரியில ஒரு ஞாயிறு, நண்பர்கள் என்னை மவுண்ட் ராயல் மலைக்கு இழுத்துட்டுப் போனாங்க, கிராஸ்-கன்ட்ரி ஸ்கீயிங்குக்கு.

இதுல ஷூவோட முன்பக்கம் மட்டும்தான் ஸ்கீயில மாட்டும், குதிகாலைத் தூக்கலாம். நாங்க எடுத்த ஸ்கீக்கு அடியில மீன் செதில் மாதிரி வரி இருந்தது. ஏறும்போது பின்னாடி வழுக்காம அதுதான் பிடிக்கும். ஆனா இறக்கத்துல? நாலு தடவை விழுந்தேன். யாரும் தூக்கி விடலை. "பக்கவாட்டுல உருண்டு, முட்டி போட்டு எந்திரிடா"ன்னு சொல்லிட்டுக் காத்திருந்தாங்க. அஞ்சாவது தடவை விழுந்தப்போ, சொல்லாமலே எழுந்துட்டேன்.

அப்புறம் பிரெஞ்சு பேக்கரி. ஜனவரி 6-ஆம் தேதி திருநாளை ஒட்டி 'கலெட் தே ருவா'ன்னு ஒரு பண்டம் வரும். மொறுமொறு அடுக்கு, உள்ளே பாதாம் கிரீம், அதுக்குள்ள ஒளிச்சு வெச்ச ஒரு குட்டி பொம்மை. பொம்மை யார் துண்டுல வருதோ அவர்தான் ராஜா. காகிதக் கிரீடம் உண்டு. என் பல்லுலதான் மாட்டுச்சு!

அடுத்த கலெட்டை ராஜாதான் வாங்கணுமாம். வாங்கிட்டுப் போனேன். இது எனக்கு இங்க நாலாவது குளிர்காலம்.