கார்டுல ‘பதிவு பெற்ற’ன்னு போட்டிருந்துச்சு

“ஊர்ல வீடு கட்டுறோம், தோட்டம் போட யாரைப் பிடிக்கிறது?”ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பதில் சொல்லணும்னா, நான் பண்ண தப்புல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

அப்பா ரிட்டயர் ஆன காசுல விருதுநகருக்கு வெளியில வீடு கட்டினார். வாசல் பக்கம் தோட்டத்தை நான் பாத்துக்குறேன்னு சொன்னேன். சென்னையில உக்காந்துக்கிட்டு வாட்ஸ்ஆப்லயே ஒருத்தரைப் பேசி முடிச்சேன். கார்டுல ‘பதிவு பெற்ற லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்’னு இருந்துச்சு. நம்பிட்டேன். அவர் சுவரை ஒட்டியே புல்தரை போட்டு, தினமும் ரெண்டு வேளை தண்ணி விடச் சொன்னார்.

நம்ம ஊர்ப் பக்கம் கரிசல் மண். ஈரம் பட்டா உப்பும், காஞ்சா சுருங்கி வெடிக்கும். ஐப்பசி மழையில பாத்தா, தரையோட வாட்டம் வீட்டைப் பாத்து இருக்கு. தண்ணி அஸ்திவாரத்துக்கிட்டயே நின்னுச்சு. கோடையில டேங்கர் தண்ணி கட்டுப்படியாகாம நிறுத்தினோம். புல் கருகுச்சு, மண் சுருங்குச்சு, ஹால் சுவர்ல சாய்வா ஒரு விரிசல். அப்பா திட்டல. “நீ விசாரிச்சிருப்பேன்னு நினைச்சேன்பா”ன்னு மட்டும் சொன்னார்.

அதுக்கப்புறம்தான் அவர்கிட்ட “என்ன பதிவு சார்?”னு கேட்டேன். ஜிஎஸ்டி பதிவாம்!

சரி, சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடினேன். 1972ஆம் வருஷத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு பண்ணாதவங்க ‘ஆர்க்கிடெக்ட்’னு போட்டுக்கக் கூடாது. ஆனா அதே சட்டத்தோட 37ஆவது பிரிவு சிலருக்கு விலக்கு கொடுக்குது. ஒண்ணு கப்பல் வடிவமைக்கிற நேவல் ஆர்க்கிடெக்ட், இன்னொண்ணு நம்ம லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். அமெரிக்காவுல 50 மாநிலத்துலயும் இந்த வேலைக்கு லைசென்ஸ் உண்டு. இங்க கார்டுல அந்தப் பேரைப் போட்டுக்க அந்தச் சட்டம் தடையா இல்ல. அதனால சரிபார்க்குறது நம்ம பொறுப்பு.

எப்படிச் சரிபார்க்கலாம்? முதல்ல, அவர் ஆர்க்கிடெக்டா பதிவு பண்ணியிருக்காரான்னு கேளுங்க. அந்த நம்பர் ‘சிஏ’ன்னு ஆரம்பிக்கும். கவுன்சில் வெப்சைட்ல பேரைப் போட்டுப் பார்க்கலாம். அடுத்து, லேண்ட்ஸ்கேப்ல முதுகலை படிச்சிருக்காரா? மூணாவது, ‘ஐசோலா’ங்கிற இந்திய லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்கள் சங்கத்துல உறுப்பினரா? அது தொழில்முறைச் சங்கம்தான், அரசு லைசென்ஸ் இல்ல. ஆனாலும் நல்ல அடையாளம்.

பேப்பரை விட முக்கியம், அவர் உங்ககிட்ட என்ன கேக்குறார்ங்கிறது. “மழைத்தண்ணி எங்க போகுது? என்ன மண்ணு? கோடையில எவ்வளவு தண்ணி கிடைக்கும்? யார் பராமரிப்பாங்க?” இதெல்லாம் கேக்காம நேரா செடி போட்டோ அனுப்புறவர் வேண்டாம். எத்தனை வரைபடம், எத்தனை தடவை நேர்ல வருவார், எந்தக் கட்டத்துல எவ்வளவு ஃபீஸ்னு எழுதி வாங்கிக்கோங்க. நாலு செடி வைக்க மட்டும்னா நர்சரி அண்ணனே போதும். லெவல், வடிகால், சுவர்னு வந்தா ஆளைப் பாத்துப் பிடிங்க.

சிவகாசி பக்கம் பட்டாசு ஆலை வச்சிருக்கிற குடும்பத்துப் பிள்ளைகளும் இதைக் கேக்குறீங்க. உங்களுக்கு ஒண்ணு. ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவுல இருக்கிறது சும்மா கிடக்குற இடம் இல்ல, உயிர் காக்குற இடைவெளி. 2008 வெடிபொருள் விதிகள்படி உரிமத்தோட ஒப்புதல் ஆன வரைபடத்துல இருக்கிறது அது. அழகுக்குன்னு அங்க பந்தலோ கொட்டகையோ போடச் சொன்னா, யார் சொன்னாலும் கேக்காதீங்க.

எங்க வீட்டுல இப்போ புல்லை எடுத்துட்டு, வாட்டத்தைத் தெருப் பக்கம் திருப்பியாச்சு. சுவர்ல இருந்து நல்லாத் தள்ளி ஒரு வேம்பு, ஒரு புங்கம். விரிசலைப் பூசிட்டோம். ஆனா அந்த இடத்துல மட்டும் பெயின்ட் கலர் கொஞ்சம் வித்தியாசமா தெரியுது. ஊருக்குப் போகும்போதெல்லாம் என் கண்ணு அங்கதான் போகும்.

அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே.