வாளியும் தாளும்

அன்று தோட்டத்து லயத்தில் கூரை ஒழுகினால், அடியில் ஒரு வாளியை வைப்போம். விடிந்ததும் கிராணியிடம் சொல்வோம். இன்று மலாக்காவில், ஜாசினிலும் ஆயர் குரோவிலும் தாமான் வீடு வாங்கிவிட்டோம். பழக்கம் மட்டும் மாறவில்லை!

மாடிக் குளியலறைக்குக் கீழே, சீலிங்கில் பழுப்பாய் ஒரு வட்டம் படரும். மேம்பாட்டு நிறுவனத்து ஆளிடம் வாயால் சொல்வோம். "பார்க்கிறேன் அண்ணே" என்பார். வெள்ளைச் சாயம் பூசிவிட்டுப் போவார். ஒரே மாதத்தில் வட்டம் திரும்பி வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? உரிமம் பெற்ற மேம்பாட்டாளரிடம் வாங்கிய புது வீட்டில், ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியும் கட்டுமானக் குறைகளுக்கு அவரே பொறுப்பு. எழுத்தில் தெரிவித்தால் 30 நாளுக்குள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 10 ரிங்கிட்தான். அந்த 24 மாதம் முடிந்து 12 மாதங்களுக்குள் போய்விட வேண்டும்.

ஆகவே படம் எடுங்கள். தேதி போட்டுக் கடிதம் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். வாளி தண்ணீரைத்தான் தாங்கும். வழக்கைத் தாங்குவது தாள்!