படத்தின் மூலையில் ஒரு பெயர்

கதை எழுதியவரின் பெயரை நாம் நினைவில் கொள்கிறோம். அக்கதைக்கு உருவம் கொடுத்தவரின் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். தோளிலே வேதாளத்தின் சுமை, கையிலே உருவிய வாள், இருளிலே நடக்கும் விக்கிரமாதித்தன்: இச்சித்திரத்தைக் கண்டறியாதார் அரியர். வரைந்த கரம் கே. சி. சிவசங்கரன் என்னும் 'சங்கர்' அவர்களுடையது.

1924-இல் பிறந்த அவர், தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராயிருந்த சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். 'கலைமகள்' இதழில் பணியாற்றியபின், 1950-களின் தொடக்கத்தில் 'அம்புலிமாமா'வில் சேர்ந்தார்.

மாத இதழின் ஓவியனுக்கு மனம் கனியும்வரை காத்திருக்கும் உரிமை இல்லை. கதை கைக்கு வரும், அச்சகம் காத்திருக்கும். எழுத்தாளன் "ஓர் அரண்மனை" என்று இரண்டு சொற்களில் நிறுத்திவிடலாம். ஓவியனோ அதற்குத் தூணும் படிக்கட்டும் வாயிற்காவலனும் தேடியாக வேண்டும். ஆயினும் அவ்வுழைப்புக்கு ஒரு தனிச்சிறப்புண்டு. கதை மொழிக்கு மொழி பெயர்க்கப்பட்டது. சித்திரமோ பெயர்க்கப்படாமலே இந்திய மொழிகள் பலவற்றிலும் உலவியது.

போரூரிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் வழியிலுள்ள ஐயப்பன்தாங்கலில், 2020 செப்டம்பர் 29 அன்று அவர் காலமானார். பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதோ 2021-இல்தான். அறுபதாண்டு உழைப்பைப் பாராட்ட வந்த செய்தியைக் கேட்க அவர் இல்லை.

விருது வழங்குவது அரசின் கையில். பெயரை அறிவது நம் கையில். இனி ஒரு கதையைத் திறக்கும்போது, படத்தின் மூலையிலுள்ள சிறு கையொப்பத்தையும் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அக்கையொப்பத்திற்கு உரியவர் இன்னும் நம்மிடையே இருக்கக்கூடும்.