கூட்டிலிருந்து விலகலாமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஒரு நாடு தான் சேர்ந்திருக்கும் அரசியற் கூட்டிலிருந்து விலகலாமா என்பது இன்று எமக்குத் தரப்பட்ட பொருள். மிஷன் பாடசாலையில் இப்படியொரு பொருள் கிடைத்தால் நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடுவோம். மணி அடித்ததும் சேர்ந்து வீடு செல்வோம். ஆனால் யாழ்ப்பாணத்தில் இது மணியோடு முடிகின்ற வாதமன்று. ஆதலின் வாய்ச் சாமர்த்தியத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, உண்மையிற் பிரிந்த ஒரு நாட்டின் வரலாற்றை உங்கள் முன் வைக்கிறோம். அது சிங்கப்பூர்.

சிங்கப்பூரும் மலாயாவும் எமக்கு அந்நியமான இடங்கள் அல்ல. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியும், அதன் வழிவந்த ஆங்கிலக் கல்வியும் எங்கள் மூதாதையர் பலரைப் பின்னாளிற் கப்பலேற்றின. அவர்கள் மலாயாவின் றெயில்வேயிலும், தபாற் கந்தோரிலும், திறைசேரியிலும் உழைத்தார்கள். மலாயாக் காசிற் கட்டிய கல்வீடுகள் எங்கள் ஊர்களில் இன்னும் நிற்கின்றன. வட்டுக்கோட்டையில் 1915இற் பிறந்து மலாயாவில் வளர்ந்த சின்னத்தம்பி இராசரத்தினமே சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சர்.

சிங்கப்பூர் ஏன் மலேசியாவிற் சேர்ந்தது? குடிக்கும் நீருக்குக்கூட அக்கரையை நம்பிய சிறு தீவு அது; செய்த பொருளை விற்கப் பரந்த சந்தை வேண்டும் என்று அதன் தலைவர்கள் நம்பினார்கள். 1962இல் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். எப்படிச் சேரலாம் என்பதற்கு மூன்று வழிகள் சீட்டில் இருந்தன. சேராதிருக்கலாம் என்ற வழி இல்லை. 1963 செப்ரெம்பர் 16இல் மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் நான்கும் ஒன்றாயின. கல்வியும் தொழிலாளர் விவகாரமும் சிங்கப்பூரின் கையில் இருந்தன. அதற்கு ஈடாகப் பாராளுமன்றத்தின் 159 ஆசனங்களில் அதற்குக் கிடைத்தவை 15. சனத்தொகையில் அதைவிட மிகச் சிறிய சபாவுக்கு 16. அங்கே திரட்டும் வரியில் நூற்றுக்கு 40 பங்கு மத்திய அரசுக்குச் சென்றது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டது பொதுச் சந்தையின் பொருட்டு.

சந்தை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது, நடைமுறையில் வரவில்லை. அதைவிடப் பெரிய பிணக்கு ஒன்றும் எழுந்தது. மலேசியர் யாவரும் இன வேறுபாடின்றிச் சமம் என்பது சிங்கப்பூர்த் தலைவர்களின் கோரிக்கை. வறுமையிற் பின்தங்கிய மலாய் மக்களுக்குச் சிறப்பிடம் வேண்டும் என்பது கோலாலம்பூரின் நிலை. மத்திய அரசின் அச்சம் முழுவதும் வீண் அச்சமென்று சொல்ல மாட்டோம். நகரத்துச் செல்வம் தங்கள் நாட்டையே விழுங்கிவிடுமோ என்று கிராமத்து மக்கள் அஞ்சுவது இயல்பு. ஆனால் அச்சமும் கோரிக்கையும் ஒரே மேசையில் இருந்து பேசித் தீர்க்கப்படவில்லை. 1964 யூலையிலும் செப்ரெம்பரிலும் சிங்கப்பூர் வீதிகளிற் கலகம் மூண்டு பலர் மாண்டனர். 1965 ஓகஸ்ட் 9இல் மலேசியப் பாராளுமன்றம், எதிர்வாக்கு ஒன்றுமின்றி 126 வாக்குகளாற் பிரிவை நிறைவேற்றியது. அன்று லீ குவான் யூ தொலைக்காட்சியிற் கண்ணீர் விட்டார். கையொப்பமிட மிகவும் தயங்கியவர்களுள் ஒருவர் எங்கள் இராசரத்தினம்.

"பிரிந்ததனாலேதான் சிங்கப்பூர் செழித்தது" என்று சொல்வோர் எங்கள் ஊரிற் பலர் உண்டு. அது அரை உண்மை. ஜூரோங் கைத்தொழிற் பேட்டையின் வேலை 1961இல், சேருமுன்னரே தொடங்கிவிட்டது. பிரிந்தபின் வந்தது செழிப்பன்று, நெருக்கடி. பலருக்குப் பிழைப்புக் கொடுத்த தன் படைத்தளங்களை மூடப்போவதாகப் பிரித்தானியா 1968இல் அறிவித்தது. அந்நெருக்கடியைத் தாண்ட வைத்தவை துறைமுகம், வந்து சேர்ந்த அந்நிய முதல், கடும் உழைப்பு, ஒழுங்கான நிருவாகம். பிரிவு வாசலைத் திறந்திருக்கலாம், நடந்தவை கால்கள்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். எங்கள் ஊரிற் சகோதரர் காணியைப் பங்கிட்டால் வேலி ஒரே நாளில் எழும்பிவிடும். ஆனால் கிணற்றை வெட்டிப் பங்கிட முடியுமா? ஆதலாலேதான் உறுதியிற் கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதுகிறோம். இன்று அண்ணனுக்கு இறைப்பு, நாளை தம்பிக்கு. முகம் பாராத சகோதரரும் துலாவுக்கு முறைவைத்தே வாழ்ந்தார்கள். சிங்கப்பூரும் அதையே செய்தது. ஜொகூரிலிருந்து நீர் பெறும் 1961ஆம், 1962ஆம் ஆண்டு உடன்படிக்கைகளைப் பிரிவினைப் பத்திரத்திலேயே இரு அரசுகளும் உறுதிசெய்தன. அவற்றுள் இரண்டாவது 2061 வரை செல்லும். நாணயம் 1967 வரை பொதுவாகவே இருந்தது. பிரிந்து இரண்டாண்டு நிறைய ஒரு நாள் இருக்கையில், 1967 ஓகஸ்ட் 8இல், பாங்கொக்கில் ஆசியான் அமைப்பைத் தொடங்கிய ஐந்து நாடுகளில் இவ்விரண்டும் இருந்தன. சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர் இராசரத்தினமே.

இதற்கு எதிரிடையான பாடம் பிரித்தானியா. எங்கள் உறவினர் பலர் வாழும் அந்நாட்டில் 2016 யூன் 23இல் மக்களைக் கேட்டார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு 52 பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகவேண்டும் என்றனர். எப்படி விலகுவது என்பது வாக்குச்சீட்டில் இல்லை. விலகி முடிய 2020 சனவரி 31 ஆயிற்று. ஸ்கொத்லாந்திலும் வட அயர்லாந்திலும் பெரும்பான்மையோர் இருக்கவே விரும்பினர். அயர்லாந்தின் நடுவே வேலி போட முடியாமையால், தன் நாட்டின் ஒரு பகுதியிலிருந்து மற்றப் பகுதிக்குச் செல்லும் சரக்கையே சோதிக்க நேர்ந்தது. கிணற்றை எண்ணாமல் வேலியை எண்ணியதன் பயன் இது.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். செல்வநாயகம் 1898இல் மலாயாவின் ஈப்போவிற் பிறந்தவர். 1949இல் அவர் தொடங்கிய கட்சி கேட்டது பிரிவையன்று, சமட்டியை. 1957இற் பண்டாரநாயக்காவுடன் செய்த ஒப்பந்தம் மறு ஆண்டே கைவிடப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்ததும் நிறைவேறவில்லை. 1976 மே 14இல், வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்திற் கூடிய மாநாடு தனிநாடு என்று தீர்மானித்தது. பிரிய மனமில்லாமற் கையொப்பமிட்டவரைப் பெற்ற மண்ணிலேதான் பிரிவோம் என்ற தீர்மானமும் பிறந்தது. அதன்பின் 2009 வரை நடந்ததைப் பெரியோராகிய நீங்கள் எமக்குச் சொல்லவேண்டும். நாம் அன்று குழந்தைகள். வெற்றுக் கதிரைகள் எத்தனை வீட்டில் உண்டு என்பதை மட்டும் நாம் அறிவோம்.

எனவே எமது முடிவு இது. விலகலாமா என்பது இரண்டாவது கேள்வி. சேர்ந்தபோது எழுதியது காக்கப்படுகிறதா என்பதே முதலாவது. அது காக்கப்பட்டால் இரண்டாவது கேள்வி எழுவது அரிது. காக்கப்படாவிட்டால் அதை எந்தச் சட்டத்தாலும் நெடுங்காலம் அடக்கிவைக்க முடியாது. இது ஆள்வோருக்குச் சொல்வது.

எம்போன்ற வாலிபருக்கும் ஒரு சொல் உண்டு. 1987இன் 13ஆம் திருத்தம் காணி, பொலிஸ் அதிகாரங்களை மாகாண சபைக்கு எழுத்திற் கொடுத்தது. கைக்கு அவை வரவில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தலே வைக்கப்படவில்லை. எம்முள் எத்தனை பேர் அத்திருத்தத்தை ஒருமுறையாவது வாசித்தோம்? காணித் தகராறென்றால் முதலில் உறுதியை எடுத்துப் படிக்கின்ற யாழ்ப்பாணத்தார் நாம். நாட்டு விடயத்தில் மட்டும் படிக்காமல் உரத்துப் பேசுவது எமக்கு அழகன்று.

இச்சங்கத்தின் வாசிகசாலையில் 1957, 1965 ஒப்பந்தங்களும், 13ஆம் திருத்தமும், சிங்கப்பூரின் பிரிவினைப் பத்திரமும் ஒரே மேசையில் இருக்கட்டும். மாதம் ஒருநாள் கூடி அவற்றை வரிவரியாகப் படிப்போம். சேர்ந்திருக்கச் சொல்பவரும் பிரியச் சொல்பவரும் எம்மிடம் வரும்போது, உறுதி எங்கே, கிணற்றுக்கு வழி என்ன என்று கேட்கத் தெரிந்தவர்களாக இருப்போம்.