பட்டைகளால் ஒரு நத்தார் மரம்

எந்த வேலை என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடியும் என்பதைப் பட்டைகளாகக் காட்டும் வரைபடத்தை அமெரிக்கப் பொறியியலாளர் ஹென்றி கான்ட் 1910களில் பரப்பினார். இன்றைய திட்ட அட்டவணை மென்பொருளுக்கும் அதுதான் அடிப்படை. அதிலேயே நத்தார் மரமும் வரையலாம்.

முதல் வேலைக்கு 1 நாள். அடுத்தது ஒரு நாள் முந்தித் தொடங்கி 3 நாள். பிறகு 5, 7. பட்டைகளுக்குப் பச்சை நிறம். உச்சியில் கால அளவே இல்லாத வேலையொன்றை வைத்தால் சாய்சதுரம் விழும், அதுதான் நட்சத்திரம். சனி, ஞாயிறை விடுமுறையாக விட்டால் பட்டை இழுபட்டு மரம் கோணிவிடும், கவனம்!

புள்ளி வைத்துக் கோலம் போடுபவர்களுக்கு இந்த 1, 3, 5, 7 கணக்குப் புதிதல்ல. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி குழுவினர் கோலத்தின் இலக்கணத்தைக் கணினிக் கோட்பாட்டோடு இணைத்து 1974இலேயே ஆய்வு வெளியிட்டார்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் வேலைத்திட்டம் போடும் நேயர்களே, இந்த நத்தாருக்கு ஒரு மரம் வரைந்து கந்தோர்ச் சுவரில் ஒட்டுங்கள்.