அமெரிக்க வரலாறும் நமது பொது அறிவும்



இன்றைய உரையைச் சில வினாக்களுடன் தொடங்க விரும்புகின்றேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதலாவது ஜனாதிபதி யார்? அந்நாட்டின் சுதந்திரப் பிரகடனம் எந்த ஆண்டில் வெளியாயிற்று? அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டவர் யார்? எட்டாவது ஜனாதிபதியின் பெயர் என்ன?

முதல் மூன்றுக்கும் ஜோர்ஜ் வாஷிங்டன், 1776, ஆபிரகாம் லிங்கன் என்று நம் பிள்ளைகள் மூச்சுவிடாமற் சொல்லிவிடுவார்கள். நான்காவதற்குச் சற்றுத் தயங்குவார்கள். வினாவிடைப் புத்தகத்தை மனனஞ் செய்த ஒருவர் எழுந்து, மார்ட்டின் வான் பியூரன் என்பார். கைதட்டுவோம், புள்ளி வழங்குவோம், அடுத்த வினாவுக்குச் செல்வோம். பொது அறிவுப் போட்டி என்று நாம் நடத்துவது பெரும்பாலும் இவ்வளவுதான்.

நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பிரிப்பார். அவற்றுள் முதலாவது அறிவினா. விடையைத் தான் அறிந்திருந்தும் பிறர் அறிவாரோ என்று பார்ப்பதற்காகக் கேட்பது. இரண்டாவது அறியா வினா. தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பறையிற் கேட்பவை அனைத்தும் அறிவினாக்களே. ஆனால் வரலாறு என்னும் கல்வி அறியா வினாவிலேதான் பிறக்கின்றது. இவ்வேறுபாட்டை மனதிற் கொண்டு, அதே அமெரிக்க வரலாற்றில் வேறு சில வினாக்களைக் கேட்டுப் பார்ப்போம்.

அமெரிக்கச் சுதந்திரப் போருக்கும் நமது திருகோணமலைக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு உண்டு. அப்போரில் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் நின்றது. ஒல்லாந்தர் அமெரிக்கரோடு வணிகஞ் செய்தனர். அதனாற் சினமுற்ற பிரித்தானியா 1780 டிசம்பரில் ஒல்லாந்தர் மீதும் போர் தொடுத்தது. அக்காலத்தில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது; எங்கள் மன்னார்க் கோட்டையும் அவர்கள் வசமே. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றினர். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரன் அதனை அவர்களிடமிருந்து பறித்தார். எங்கோ அத்திலாந்திக் கரையில் மூண்ட நெருப்பின் பொறி கொட்டியாரக் குடாவில் வந்து விழுந்தது. இது நம் பிள்ளைகளின் வினாவிடைப் புத்தகத்தில் இல்லை.

அடுத்த வினா. அமெரிக்க மிசனரிமார் ஏன் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள்?

1812 ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து முதன்முதலாகப் புறப்பட்டவர்கள் கல்கத்தாவிலே இறங்கினர். கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை வெளியேறும்படி பணித்தது. அதே ஆண்டிலேதான் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே மீண்டும் போர் மூண்டது. அவர்களுள் ஒருவரான சாமுவேல் நியூவெல், மனைவியை மொரீசியஸ் தீவில் இழந்து, தனியராக 1813 இல் இலங்கைக்கு வந்தார். இலங்கை கம்பெனியின் ஆட்சிக்கு உட்படாத முடிக்குரிய நாடாக இருந்தமையால் இங்கே இடம் கிடைத்தது. போர் முடிந்தபின், 1815 ஒக்டோபரில் நியூபரிப்போர்ட் துறையிலிருந்து ஒரு சிறு கப்பல் புறப்பட்டது. அதிலே வந்தவர்கள் 1816 இல் தெல்லிப்பழையிலும் பின்னர் வட்டுக்கோட்டையிலும் குடியேறினர். ஆகவே 1812 ஆம் ஆண்டுப் போர் என்பது அமெரிக்க வரலாற்றின் ஒரு பாடம் மட்டுமன்று. யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றின் வாசற்படியுமாகும்.

இனி, நமது எட்டாவது ஜனாதிபதி வான் பியூரனிடம் திரும்புவோம். அவர் 1837 மார்ச் மாதத்திற் பதவியேற்றார். சுமார் இரண்டு மாதங்களில் அமெரிக்க வங்கிகள் நிலைகுலைந்தன. பெரும் பணமுடை ஏற்பட்டது. நன்கொடைகள் குறைந்தன. பொஸ்டன் நகரத்திலிருந்து வரவேண்டிய பணம் சுருங்கியது. அதன் விளைவாக யாழ்ப்பாணக் கிராமங்களில் மிசனரிமார் நடத்திய இலவசப் பாடசாலைகள் பல மூடப்பட்டன. பனையோலைக் கொட்டிலில் மணலில் எழுதிக்கொண்டிருந்த ஒரு சிறுவன், நியூயோர்க்கில் ஒரு வங்கி கதவடைத்த காரணத்தால் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். வான் பியூரன் என்ற பெயரைச் சொன்ன மாணவனுக்குப் புள்ளி வழங்கினோமல்லவா? அந்தச் சிறுவனைப் பற்றிக் கேட்பவருக்கு என்ன வழங்குவோம்?

இன்னொரு வினா. இன்றைய நியூயோர்க் பெருநகரத்தை உருவாக்கியவர் யார்? புரூக்ளின் முதலிய பகுதிகளை இணைத்து 1898 இல் அந்நகரம் உருவாக அரும்பாடுபட்டவர் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன். மத்திய பூங்கா அமைந்ததிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவருடைய தம்பியார் யாரென்று கேட்டால் மானிப்பாயிலுள்ள முதியவர்கள் சொல்வார்கள்: டொக்டர் சாமுவேல் கிறீன். 1847 இல் இங்கு வந்த அவர், தமிழைக் கற்று, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மனித உடலமைப்பைப் பற்றிய நூலைத் தமிழில் ஆக்கி 1852 இல் வெளியிட்டார். அறுபதுக்கு மேற்பட்டோரை மருத்துவர்களாகப் பயிற்றினார். தமையனார் ஒரு மாநகரத்தைக் கட்டினார். தம்பியார் ஒரு மொழிக்குள் ஒரு கலையைக் கட்டினார். வூஸ்டர் நகரத்துச் சேமக்காலையிலே தம்பியாரின் கல்லில் தமிழர் என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. தமிழால் விஞ்ஞானம் கற்பிக்க இயலுமா என்று இன்றும் கூட்டம் கூட்டி விவாதிக்கும் நாம், அந்தக் கல்லுக்கு என்ன மறுமொழி சொல்லப்போகின்றோம்?

இறுதியாக ஒன்று. பனிப்போர்க் காலத்தில், 1953 முதல் 1959 வரை அமெரிக்க இராஜாங்கச் செயலாளராக இருந்தவர் ஜோன் ஃபொஸ்டர் டலஸ். அதே காலத்தில் அந்நாட்டின் மத்திய உளவு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் அவருடைய தம்பி அலன் டலஸ். இவ்விருவரின் பூட்டியார் ஹரியற் வின்சுலோ அம்மையார். 1824 இல் உடுவிலிலே பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியவர். 1833 இல் அங்கேயே உயிர் நீத்தவர். அவருடைய கணவர் மைரன் வின்சுலோவே 1862 இல் சென்னையில் வெளிவந்த, அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ் - ஆங்கில அகராதியின் ஆசிரியர். உலக அரசியலை ஆட்டிவைத்த இருவரின் பூட்டனார், ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் தேடி இரவிரவாக விழித்திருந்தவர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

நேயர்களே, இவற்றைச் சொல்வது அமெரிக்கருக்குப் புகழ்மாலை சூட்டுவதற்காக அன்று. அறியா வினா நன்றியோடு நின்றுவிடக் கூடாது, கணக்கும் கேட்கவேண்டும். 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிற் படித்த பிள்ளைகள் பலருக்கு, அவர்களின் படிப்புக்குப் பணம் கொடுத்த அமெரிக்கர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பெயர்களின் முற்பகுதியைப் பாருங்கள். தாய் தந்தையர் இட்ட பெயருக்கு முன்னே, கண்ணாற் காணாத ஒருவரின் பெயர். கல்விக்கு அவர்கள் கொடுத்த விலைகளுள் இதுவும் ஒன்று.

ஆயினும் அந்தப் பிள்ளைகள் பெயரோடு அடங்கிவிடவில்லை. கரோல் விசுவநாதபிள்ளையும், அதே செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857 இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆயினர். தாமோதரம்பிள்ளை தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏற்றியவர். சதாசிவம்பிள்ளை 1886 இல் பாவலர் சரித்திர தீபகம் தந்தார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தருக்க நூலைத் தமிழில் எழுதியதோடு, 1887 இல் ஒரு பாடசாலையையும் தொடங்கினார். அதுவே பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. செமினரியின் அதிபராக இருந்த ஹொய்சிங்டன், சிவஞானபோதத்தை ஆங்கிலப்படுத்தி அமெரிக்க அறிஞர்களின் சஞ்சிகையில் வெளியிட்டார். மதம் மாற்ற வந்த பாதையிலே சைவ சித்தாந்தம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. போக்கும் வரவும் இரு வழியாகவும் நடந்தன. 1855 இல், ஆங்கிலக் கல்வி போதகர்களை உருவாக்கவில்லை என்று கருதிய பொஸ்டன் நகரத்து மேலிடத்தின் கொள்கையால் அச்செமினரி மூடப்பட்டது. கொடுப்பவர் கையிலேயே கதவின் திறப்பும் இருந்தது என்பதையும் பிள்ளைகள் அறியவேண்டும்.

உயிலங்குளத்தில் ஒரு மாலை வகுப்பில் இவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “சேர், இது சோதினைக்கு வருமோ?” வராது என்றேன். அவள் பேனாவை மூடவில்லை. “அப்ப எங்கட மன்னாருக்கு யார் வந்தவை, யார் போனவை எண்டு எங்க பாக்கலாம்?” என்றாள். அது அறியா வினா. அன்றைய வகுப்பின் முதற் புள்ளி அதற்கே உரியது.

ஆனால் அவ்வினாவுக்கு விடை தேடுவது எளிதன்று. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் விடிந்தபோது யாழ்ப்பாணப் பொது நூலகம் சாம்பலாகிக் கிடந்தது. சுமார் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் எரிந்தன. அதன் பின் வந்த இடப்பெயர்வுகளில், கட்டுக்கரைக் குளத்தைச் சூழ்ந்த எங்கள் கிராமத்தவர்கள் சட்டி பானையையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெட்டியடியில் இருந்த உறுதிகளும், ஓலைகளும், பாட்டன் கையெழுத்தும் பின்னே நின்றுவிட்டன. விடைத்தாள் எரிந்துபோன சமுதாயத்துக்கு வினாவைக் காப்பாற்றுவது பெருங்கடமை ஆகிவிடுகின்றது.

கடல் கடந்து அமெரிக்காவில் வாழும் நம் உறவுகள் குடியுரிமை பெறுவதற்கு அந்நாட்டு வரலாற்றிலும் ஆட்சிமுறையிலும் பரீட்சைக்குத் தோற்றவேண்டும். 2025 ஒக்டோபரில் ஏற்பட்ட மாற்றத்தின்படி, 128 வினாக்களைக் கற்று, கேட்கப்படும் இருபதில் பன்னிரண்டுக்குச் சரியான விடை சொல்லவேண்டும். முதலாவது ஜனாதிபதி யார் என்னும் வகையிலான வினாக்கள் அவை. மனனஞ் செய்து சித்தியடையட்டும், வாழ்த்துவோம். ஆனால் அவர்களின் பிள்ளைகள் ஒரு நாள், ‘நமக்கும் இந்த நாட்டுக்கும் எப்போதிருந்து தொடர்பு’ என்று கேட்கும்போது, விமானச் சீட்டிலிருந்து தொடங்காமல், 1816 ஆம் ஆண்டிலிருந்து தொடங்கத் தெரிந்த ஒரு மாமாவோ மாமியோ வீட்டில் இருக்கவேண்டும்.

ஆகவே நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் ஊரிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் சென்று, விடை உங்களுக்குத் தெரியாத ஒரு வினாவைக் கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு கொப்பியில் நாளும் பெயரும் இட்டு எழுதி வையுங்கள். அதற்குப் புள்ளி வழங்க ஒருவரும் வரமாட்டார்கள். ஆனால் நாளைக்கு ஒரு பிள்ளை வந்து கேட்கும்போது, எடுத்துக் கொடுப்பதற்கு ஒரு கொப்பியாவது நம் கையில் இருக்கும்.