மெக்சிகோவில் சாப்பாடு தேட மேப் மட்டும் போதாது

மெக்சிகோ போயிட்டு வந்ததிலிருந்து எல்லாரும் கேட்கிறது ஒண்ணுதான்: "எந்த ஹோட்டல்ல சாப்பிட்டீங்க ப்ரோ, லிஸ்ட் குடுங்க." லிஸ்ட் தரப்போறதில்ல. ஏன்னா லிஸ்ட்ட நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

யுகதான் மாநிலத்தோட தலைநகர் மெரிடா. அங்க எனக்கு இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொச்சினிதா பிபில் சாப்பிடணும்னுதான் போனேன். பன்றிக்கறியை அச்சியோத்தேங்கற சிவப்பு விதை அரைச்ச மசாலாவிலயும் புளிப்பு ஆரஞ்சு சாறுலயும் ஊறவச்சு, வாழையிலையில சுத்தி, மண்ணுக்குள்ள குழிவெட்டி வேகவைப்பாங்க. நல்லாத் தூங்கி எழுந்து, மதியம் ஒன்றரை மணிக்கு மார்க்கெட்டுக்குப் போனா, கடைக்கார அம்மா பாத்திரம் கழுவிட்டு இருக்காங்க. என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டு, "மஞ்ஞானா, தெம்ப்ரானோ"ன்னாங்க. நாளைக்கு, சீக்கிரமா வா.

அன்னிக்கு ராத்திரி நல்ல ரேட்டிங் இருந்த ஒரு இடத்துல அதே பேர்ல ஒண்ணு கிடைச்சது. காய்ஞ்சு போன கறி, விலை மட்டும் கூட. மறுநாள் ஒன்பது மணிக்கு பஸ். ஏழரைக்கே பையை முதுகுல மாட்டிக்கிட்டு அந்த அம்மா கடைக்கு ஓடினேன். ஊறவச்ச வெங்காயத்தோட ரெண்டு டாக்கோ. அதைச் சாப்பிடாம அந்த ஊரை விட்டுப் போயிருந்தா எவ்வளவு பெரிய நஷ்டம்!

அப்பதான் புரிஞ்சுது. மேப் இடத்தைத்தான் சொல்லும், நேரத்தைச் சொல்லாது. அங்க பல சாப்பாட்டுக்கு ஒரு நேரம் இருக்கு. கொச்சினிதா காலையில. மெக்சிகோ சிட்டியில டாக்கோஸ் அல் பஸ்தோர் சாயங்காலத்துக்கு மேலதான் களை கட்டும். லெபனான்லேர்ந்து வந்து குடியேறினவங்க கொண்டுவந்த ஷவர்மா முறைதான் அது, இங்க பன்றிக்கறிக்கு மாறிடுச்சு. புவெப்லாவோட சிலே என் நொகாதாவுக்கு சீசனே உண்டு: வால்நட்டும் மாதுளையும் புதுசா வர்ற ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கும்.

அவங்களோட பெரிய சாப்பாடு ராத்திரி இல்ல, மதியம் ரெண்டுலேர்ந்து நாலுக்குள்ள. அந்த நேரத்துல சின்னக் கடைகள்ல "கொமிதா கொர்ரிதா"ன்னு போர்டு இருக்கும். சூப், சோறு, ஒரு குழம்போ கறியோ, குடிக்க ஜூஸ், எல்லாம் சேர்த்து ஒரே விலை. நம்ம ஊரு மீல்ஸ் மாதிரின்னு வச்சுக்கங்க.

அதனால ஹோட்டல் பேரைத் தேடாதீங்க. முதல்ல அந்த ஊரோட பதார்த்தம் என்னன்னு தெரிஞ்சுக்கங்க. அப்புறம் தங்கியிருக்கிற இடத்துல கூட்டிப் பெருக்குறவங்க கிட்ட, டாக்ஸி ஓட்டுறவர் கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: "தோந்தே கோமே உஸ்தெத்?" நீங்க எங்க சாப்பிடுவீங்க? "ஆ கே ஓரா?" எத்தனை மணிக்கு?

சைவம் சாப்பிடுறவங்களுக்கு ஒண்ணு. "சின் கார்னே", அதாவது கறி வேண்டாம்னு மட்டும் சொன்னா பத்தாது. பீன்ஸ்லகூட பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்க. "சின் மந்தேகா"ன்னும் சேர்த்துச் சொல்லுங்க.

அலாரம் வச்சுட்டுத் தூங்குங்க மக்களே. அடுத்த எபிசோட்ல பாப்போம்.